நியூட்ரான் குண்டும் நடுவில் இருந்த மணிநேரங்களும்

‘கட்டடம் அப்படியே நிற்கும். உள்ளே இருக்கிற மனுஷன் மட்டும் செத்துப்போவான்.’

நியூட்ரான் குண்டு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இந்த ஒரு வரிதான். எண்பதுகளில் நாளிதழ்த் துணுக்குகளை வாசித்து வளர்ந்தவர்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, ‘வெள்ளைக்காரன் மூளையப் பாத்தியா?’ என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆளைக் கொன்றுவிட்டுச் சொத்தைப் பத்திரமாக விட்டுவைக்கும் ஆயுதம்; கொள்ளைக்காரனின் கனவு. 1961இல் சோவியத் தலைவர் நிக்கிதா குருஷேவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். முதலாளித்துவத்தின் ஒழுக்கம் எப்படிப்பட்டது என்று இந்தக் குண்டே காட்டிவிடுகிறது என்பது அவர் வாதம். பிரசாரத்துக்கு இவ்வளவு தோதான ஆயுதம் தினமும் கிடைக்காது. அடுத்த இருபது ஆண்டுகள் மாஸ்கோ அந்த வரியை விடவே இல்லை.

அந்த வரியின் முதல் பாதி உண்மையில்லை. நியூட்ரான் குண்டும் வெடிக்கும், எரிக்கும், சுவரைச் சாய்க்கும். ஆனால் என்னை அதிகம் உறுத்துவது இரண்டாம் பாதி. ‘மட்டும் செத்துப்போவான்’ என்று எவ்வளவு சுலபமாக முடித்துவிடுகிறோம்! விளக்கை அணைத்தது போல. எப்படிச் சாவான், எவ்வளவு நேரத்தில் சாவான், அதுவரை என்ன செய்துகொண்டிருப்பான் என்று அந்த வரி கேட்பதில்லை. குண்டைத் திட்டியவர்களும் கேட்கவில்லை, மெச்சியவர்களும் கேட்கவில்லை. கேட்டவர்கள் ஒரு தரப்பினர்தான். அவர்கள் கேட்டதோடு நிற்காமல், கையில் கடிகாரத்தோடு அளந்தும் பார்த்தார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

முதலில் குண்டு. ஹைட்ரஜனின் இரண்டு கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் கடும் வெப்பத்தில் இணையும்போது ஹீலியம் உண்டாகிறது, கூடவே ஒரு நியூட்ரான் தெறிக்கிறது. வெளிப்படும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை அந்த நியூட்ரான்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வழக்கமான ஹைட்ரஜன் குண்டில் இதைச் சும்மா ஓடவிட மாட்டார்கள். சுற்றிலும் யுரேனியத்தை வைத்து, ஓடிவரும் நியூட்ரான்களைக் கொண்டு அதையும் பிளக்கவைத்து வெடிப்பைப் பெருக்குவார்கள். நியூட்ரான் குண்டில் செய்தது இதற்கு நேர்மாறு. யுரேனியத்தை எடுத்துவிட்டு, வெடிப்பைச் சிறிதாக்கி, நியூட்ரான்களை வெளியே போக விட்டார்கள். எல்லாவற்றையும் தொடக்கிவைக்க உள்ளே ஒரு சிறு அணுப்பிளவுக் குண்டு வேண்டியிருப்பதால் அதிர்வும் தீயும் இல்லாமல் போகாது. 1 கிலோடன் குண்டென்றால் ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். ஹிரோஷிமாவில் வெடித்தது ஏறத்தாழ 15 கிலோடன். 1 கிலோடன் நியூட்ரான் குண்டு தன்னைச் சுற்றிப் பல நூறு மீட்டருக்கு வீடுகளை நாசமாக்கும். அதைத் தாண்டி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்வரை, வீடு நிற்கும். அதாவது ஓர் எல்ஆர்டி நிலையத்திலிருந்து அடுத்த நிலையம்வரை. அந்த இடைப்பட்ட வளையத்தைத்தான் நாம் பழமொழி மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நியூட்ரானுக்கு இரும்பு பெரிய தடையில்லை. கோலி விளையாடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோலியை ஒரு பெரிய இரும்புக் குண்டின் மேல் அடித்தால் அதே வேகத்தில் துள்ளித் திரும்பும். தன் அளவுள்ள இன்னொரு கோலியின் மேல் அடித்தால் அடித்தது நின்றுவிடும், வேகமெல்லாம் மற்றதற்குப் போய்விடும். நியூட்ரானுக்குச் சம எடையுள்ள கோலி ஹைட்ரஜன் அணுக்கரு. ஹைட்ரஜன் அதிகம் இருப்பது தண்ணீரில். தண்ணீர் அதிகம் இருப்பது உடம்பில். டாங்கியின் கனத்த எஃகைத் துளைத்து வருகிற நியூட்ரான், உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் வந்ததும்தான் தன் வேகத்தை இறக்கிவைக்கிறது.

கதிர்வீச்சால் கொல்வது என்ற எண்ணம் அணுகுண்டைவிட மூத்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1943இல், குண்டு கைகூடுமா என்றே தெரியாத காலத்தில், எதிரியின் உணவில் கதிரியக்கப் பொருளைக் கலக்கலாமா என்று என்ரிகோ ஃபெர்மி ஒரு யோசனை வைத்தார். ஸ்ட்ரோன்சியம் பொருத்தமாக இருக்கும் என்று பேச்சு போனது. அந்த ஆண்டு மே 25ஆம் தேதி ராபர்ட் ஓப்பன்ஹைமர் ஃபெர்மிக்கு எழுதிய கடிதம் இன்று எல்லாரும் வாசிக்கக் கிடைக்கிறது. ஐந்து லட்சம் பேரைக் கொல்லும் அளவுக்கு உணவை நஞ்சாக்க முடியாவிட்டால் இந்தத் திட்டத்தில் இறங்கவேண்டாம் என்பது அதன் சாரம். பகவத் கீதையோடு சேர்த்து நாம் நினைத்துக்கொள்ளும் அதே ஓப்பன்ஹைமர்தான். பிறகு 1950இல் லியோ சிலார்ட் வானொலி உரையாடல் ஒன்றில் கோபால்ட் குண்டைப் பற்றிப் பேசினார். ஹைட்ரஜன் குண்டைக் கோபால்ட்டால் போர்த்தினால் வெடித்த பிறகு பூமியே ஆண்டுக்கணக்கில் வாழத் தகுதியற்றதாகிவிடும் என்றார். அவர் அதைச் செய்யச் சொல்லவில்லை. இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று பயமுறுத்துவதற்காகச் சொன்னார். கோபால்ட் குண்டு காலத்தை நீட்டுவது. நியூட்ரான் குண்டு காலத்தைச் சுருக்குவது. நொடிப்பொழுதில் வேலையை முடித்துவிட்டு, ஓரிரு நாளில் நம் படை அந்த இடத்தில் நடந்துபோக வழிவிடும் ஆயுதம்.

அதைக் கற்பனை செய்தவர் சாமுவேல் கோஹென். 1921இல் புரூக்ளினில் பிறந்தவர். போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் வேலை பார்த்தார். நாகசாகியில் போடப்பட்ட குண்டில் நியூட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டவர்களில் ஒருவர். பிறகு ராண்ட் நிறுவனத்துக்குப் போனார். 1951இல் கொரியப் போரின்போது சோல் நகரத்தைப் பார்த்தார். கை மாறிக் கை மாறி அடிபட்ட நகரம் அது. பாலங்கள் இல்லை, வீடுகள் இல்லை. இடிபாடுகளுக்கு நடுவே மக்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். போர் நடந்தே தீருமென்றால் சிப்பாய்களோடு முடிந்துபோகட்டும், ஊர் ஏன் அழியவேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1958இல் லிவர்மோர் ஆய்வகத்தின் குண்டு வடிவமைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யுரேனிய உறையை எடுத்துவிட்டால் தான் தேடுவது கிடைத்துவிடும் என்று கண்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் நெவாடா பாலைவனத்தில் சோதனையும் நடந்தது.

கோஹெனைக் கோமாளியாக்கி ஒதுக்கிவிடுவது எளிது. உலகத்திலேயே அறமுள்ள ஆயுதம் தன்னுடையதுதான் என்று ஒரு மனிதர் ஐம்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். 1979இல் போப்பாண்டவரிடம் அமைதிப் பதக்கம் பெற்றதாகவும் சொல்லிக்கொண்டார். இருந்தாலும் அவர் வாதத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அன்றைக்கு மேற்கு ஜெர்மனியில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான அமெரிக்க அணு ஆயுதங்கள் இருந்தன. சோவியத் டாங்கிகள் எல்லையைத் தாண்டி வந்தால் அவற்றைத்தான் வெடிப்பதாகத் திட்டம். எங்கே? ஜெர்மன் ஊர்களுக்கு மேலே. ஜெர்மனியில் ஊருக்கு ஊர் தூரம் இரண்டு கிலோடன்தான் என்று ராணுவ வட்டாரத்தில் ஒரு நக்கல் இருந்தது. அந்தப் பத்து கிலோடன் குண்டுக்குப் பதிலாக என் ஒரு கிலோடன் குண்டை வெடித்தால் பக்கத்து ஊர் தப்பிக்கும் என்பதுதான் கோஹென் சொன்னது. கணக்கு சரிதான். பக்கத்து ஊர்க் குழந்தைகளுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. இன்னொன்று, வியட்நாமிலும் இதைப் பயன்படுத்தலாம் என்று வாதாடி, 1969இல் ராண்ட் நிறுவனத்திலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. நம்பாததை விற்றவர் இல்லை, நம்பித்தான் விற்றார்.

ஆனால் அவர் கணக்கில் ஊர் இருக்கிறது, பாலம் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது. டாங்கிக்குள் இருக்கிற இருபது வயது ரஷ்யப் பையன் ‘வீழ்த்தப்பட்ட இலக்கு’ என்ற அளவில் முடிந்துபோகிறான். ராணுவத்துக்கு அப்படி முடியவில்லை. ஏனென்றால் அவன் உடனே சாக மாட்டான்.

கதிர்வீச்சை அன்று ராட் என்ற அலகில் அளந்தார்கள். உடம்பு முழுக்க ஏறக்குறைய 450 ராட் வாங்கி, மருத்துவம் இல்லாமல் கிடந்தால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். பிழைக்காதவர்களும் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். போர்க்களத்தில் வாரங்கள் உதவாது. ஓட்டுநருக்கு அடுத்த மூன்று நாள் தெம்பு இருந்தால் டாங்கி ரைன் நதிக்கரைக்குப் போய்விடும். ஆகவே அமெரிக்கத் தரைப்படை மூன்று அளவுகளை வகுத்துக்கொண்டது. 8,000 ராட் பட்டவன் ஐந்து நிமிடத்துக்குள் செயலிழப்பான், பிறகு எழ மாட்டான், ஓரிரு நாளில் இறப்பான். 3,000 ராட் பட்டவனும் ஐந்து நிமிடத்துக்குள் செயலிழப்பான். ஆனால் அரை மணி, முக்கால் மணி நேரம் கழித்து ஓரளவு தெளிவான். எழுந்து உட்காருவான். நான்கிலிருந்து ஆறு நாளில் இறப்பான். 650 ராட் பட்டவன் இரண்டு மணி நேரத்துக்குள் தளர்வான், பிறகு வாரக்கணக்கில் கிடப்பான். அவர்களில் பாதிக்கு மேல் போய்விடுவார்கள்.

அந்த நடு அளவை இன்னொரு தடவை படியுங்கள். தெளிவான், எழுந்து உட்காருவான். தன் குடல் சுவர் இனிப் புதுப்பிக்கப்படாது என்று அவனுக்குத் தெரியாது, அல்லது தெரியும். தெரிந்தால் அந்த நான்கு நாளை என்ன செய்வான் என்ற கேள்வியும் விவாதத்தில் வந்தது. எப்படியும் சாகப்போகிறவன் முன்னைவிட மூர்க்கமாகச் சண்டை போட மாட்டானா என்று குண்டை எதிர்த்தவர்கள் கேட்டார்கள். செத்துக்கொண்டிருக்கிற ஒருவனைப் பற்றி எழக்கூடிய கேள்விகளில் இதுதான் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது.

இப்படிச் சாவது எப்படியிருக்கும் என்பது அப்போது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. 1945 நவம்பரில், அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் அமெரிக்கச் செனட் குழு முன்னால் சாட்சி சொன்னார். கதிர்வீச்சால் இறப்பவர்கள் அதிக வேதனை இல்லாமல் இறக்கிறார்கள், அது இதமான சாவு என்றுகூடச் சொல்கிறார்கள் என்றார். அதற்கு இரண்டே மாதம் முன்னால், செப்டம்பர் 15ஆம் தேதி, அவர் பொறுப்பில் இருந்த லாஸ் அலமோஸிலேயே ஹாரி டாக்லியன் இறந்திருந்தார். வயது 24. புளூட்டோனிய உருண்டையைச் சுற்றிக் கனமான செங்கல் மாதிரிக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டி கைதவறி மேலே விழுந்தது. நியூட்ரான்கள் பெருகி வெளியே பாய்ந்தன. இருபத்தைந்து நாள் கிடந்தார். அதே உருண்டை அடுத்த மே மாதம் 21ஆம் தேதி லூயிஸ் ஸ்லோட்டினையும் வாங்கியது. இரண்டு பெரிலியக் கிண்ணங்கள் முழுதாக மூடிக்கொள்ளாமல் இருக்க நடுவே ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்துப் பிடித்திருந்தார். அது வழுக்கியது. நீல வெளிச்சம் ஒன்று பளிச்சிட்டது. மேல் கிண்ணத்தைக் கையாலேயே தட்டிவிட்டு மற்ற ஏழு பேரையும் காப்பாற்றினார். அறையில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று வரைபடமும் போட்டுக் கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு பட்டது என்று மருத்துவர்கள் கணக்குப் போடவேண்டுமே. கனடாவிலிருந்து பெற்றோரை விமானத்தில் வரவழைத்தார்கள். ஒன்பதாம் நாள் இறந்தார்.

நியூட்ரான் குண்டு விதிக்கும் சாவு இதேதான். டாக்லியனும் ஸ்லோட்டினும் விபத்தில் பட்டதை, பின்னால் ஒரு படைப்பிரிவுக்கே திட்டமிட்டுக் கொடுக்க நினைத்தார்கள்.

இரண்டு விபத்துகளை வைத்து ராணுவ அட்டவணை போட முடியாது. ஹிரோஷிமா மக்களை வைத்தும் எளிதில் முடியவில்லை. யார் எந்தச் சுவருக்குப் பின்னால் நின்றார், அந்தச் சுவர் எவ்வளவு தடுத்தது என்று தெரியாமல் அளவு சொல்ல முடியாதே. அதற்காக 1962இல் நெவாடாவில் 465 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பி, உச்சியில் உறையில்லாத அணு உலையை வைத்து, கீழே ஜப்பானிய பாணி வீடுகளைக் கட்டி அளந்தார்கள். பாலைவனத்தில், ஆளில்லாத ஜப்பானிய வீடுகள்! நியூட்ரான் குண்டின் உண்மையான படம் அதுதானோ என்று சில சமயம் தோன்றும். ஆனால் அங்கே கிடைத்தது வீட்டைப் பற்றிய கணக்கு. ஐந்து நிமிடம், முக்கால் மணி நேரம், நான்கு நாள் என்ற கணக்குக்கு உயிருள்ள உடம்பு வேண்டும்.

அந்த உடம்புகள் குரங்குகளுடையவை. மேரிலாந்து மாநிலத்தில் பெத்தெஸ்டா என்ற இடத்தில் அமெரிக்க ஆயுதப்படைகளின் கதிர்வீச்சு உயிரியல் ஆய்வு நிலையம் இருந்தது. அங்கே ஓர் ஆராய்ச்சி அணு உலை. ரீசஸ் குரங்குகளை ஒரு சுழல் சக்கரத்துக்குள் விட்டு ஓடப் பழக்கினார்கள். ஓடாமல் நின்றால் மின்சார அதிர்ச்சி. நன்றாகப் பழகிய பிறகு உலையிலிருந்து நியூட்ரானும் காமாவும் கலந்த கதிர்வீச்சை ஒரே வீச்சில் கொடுத்து, மறுபடியும் சக்கரத்தில் ஓடவிட்டார்கள். எப்போது விழுகிறது, மறுபடி எழுகிறதா, எழுந்தால் எவ்வளவு நேரம் ஓடுகிறது, எப்போது சாகிறது என்று குறித்துக்கொண்டார்கள். டாங்கி ஓட்டுநர் என்ற இடத்தில் குரங்கு. போர்க்களம் என்ற இடத்தில் சக்கரம். முன்னால் சொன்ன ‘கடிகாரத்தோடு அளந்தவர்கள்’ இவர்கள்தான். ஒரு விதத்தில், இந்த விவாதம் முழுவதிலும் அந்த மணிநேரங்களை நேருக்கு நேர் பார்த்தவர்கள் இவர்கள் மட்டுமே என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ரீசஸ் குரங்குகள் இந்தியாவிலிருந்துதான் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஐம்பதுகளில் போலியோ தடுப்பு மருந்து தயாரிக்க அவற்றின் சிறுநீரகம் தேவைப்பட்டது. உச்சத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஏற்றுமதி. வழியிலேயே ஏராளமாகச் செத்தன. 1955இல் இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்தி, பிறகு ஒரு நிபந்தனையோடு மறுபடி திறந்தது: தடுப்பு மருந்துக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் மட்டும். மனிதர் உயிர் காக்க என்றால் கொடுக்கிறோம் என்பது அதன் பொருள். அனுமனின் நாட்டிலிருந்து இதற்குச் சம்மதம் வாங்குவது லேசான காரியம் இல்லை; போலியோவில் கால் சூம்பிப்போன பிள்ளைகளை நினைத்துத்தான் சம்மதித்தார்கள்.

எழுபதுகளின் நடுவில், இந்தக் குரங்குகள் கதிர்வீச்சு ஆயுத ஆய்வுகளுக்கும் போகின்றன என்று விலங்கு உரிமை அமைப்புகள் ஆவணங்களோடு வெளிக்கொண்டு வந்தன. சர்வதேசக் குரங்கினப் பாதுகாப்புச் சங்கத்தை நடத்திய ஷெர்லி மெக்ரீல் இந்தியப் பத்திரிகைகளுக்கும் அரசுக்கும் இதை எடுத்துச் சென்றார். அப்போதைய பிரதமர் மொரார்ஜி தேசாய். சுத்த சைவம், காந்தியவாதி, பிடிவாதத்துக்குப் பேர்போனவர். காடுகளில் குரங்குகளின் எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருந்தது. ஆனால் நிபந்தனை மீறப்பட்டது என்ற கோபம் சிறியதல்ல. 1978 ஏப்ரல் 1 முதல் இந்தியா ரீசஸ் குரங்கு ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. அமெரிக்க ஆய்வகங்கள் தவித்துப்போய், சொந்தப் பண்ணைகளையும் வேறு நாடுகளையும் தேடின. நம் பக்கத்து நீளவால் குரங்குகளின் மேல், நாம் கெரா என்று சொல்கிறோமே அவற்றின் மேல், கண் அதிகம் விழுந்தது இதற்குப் பிறகுதான். 1984இல் மலேசியாவும் குரங்கு ஏற்றுமதியைத் தடைசெய்தது.

இந்தியாவின் தடை நடைமுறைக்கு வந்து ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 7ஆம் தேதி, ஜிம்மி கார்ட்டர் நியூட்ரான் குண்டு உற்பத்தியைத் தள்ளிவைத்தார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கார்ட்டரைத் தள்ளியது ஐரோப்பா.

அதற்கு முந்திய ஆண்டு ஜூன் 6ஆம் தேதிதான் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் வால்டர் பின்கஸ் விஷயத்தை உடைத்தார். எரிசக்தி ஆய்வுத் துறையின் வரவுசெலவுக் கணக்குக்குள் நியூட்ரான் ஆயுதத்துக்கான பணம் ஒளிந்திருப்பதை அவர் எழுதியபோது, அதிபருக்கே அது புதிய செய்தியாக இருந்ததாம். அறுபதுகளில் கொஞ்சம் பேசிவிட்டு மறந்துபோன குண்டு திடீரென்று உலகத் தலைப்புச் செய்தியானது. இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா ஏற்கெனவே ஒரு தடவை நியூட்ரான் குண்டைச் செய்து அடுக்கிவைத்திருந்தது. வடக்கு டகோட்டாவில், வரும் ஏவுகணைகளை வானத்திலேயே முடக்க ஸ்பிரிண்ட் என்ற ஏவுகணையில் பொருத்தியிருந்தார்கள். அந்தத் தளம் 1975 அக்டோபர் 1ஆம் தேதி முழுமையாக இயங்கத் தொடங்கிய மறுநாளே அதை மூடச்சொல்லி நாடாளுமன்றக் கீழவை வாக்களித்தது. அதற்கு யாரும் ஊர்வலம் போகவில்லை. ஏவுகணையைக் கொல்லும் நியூட்ரானுக்குக் கோபம் வராது, மனிதனைக் கொல்லும் நியூட்ரானுக்குத்தான் வரும். நியாயம்தான்.

மேற்கு ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்களில் ஒருவரான எகோன் பார், 1977 ஜூலையில் கட்சிப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைதான் ஐரோப்பாவை எழுப்பியது. மனித குலத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார். இந்தக் குண்டு சிந்தனையின் வக்கிரத்துக்கே சின்னம் என்றார். நெதர்லாந்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்புக் கையெழுத்திட்டார்கள். 1978 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அதே மாதம் நெதர்லாந்துப் பாதுகாப்பு அமைச்சர் ரூலோஃப் குருய்சிங்கா பதவியைத் தூக்கிப் போட்டார். அவர் ஒரு மருத்துவரும்கூட. ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் தன் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்கு ஆதரவாகக் காய் நகர்த்தியிருந்தார். கார்ட்டர் கடைசி நேரத்தில் பின்வாங்கியதும் அவருக்குத் தலைகுனிவாகிவிட்டது. கார்ட்டரை அவர் பிறகு மன்னிக்கவே இல்லை என்பார்கள்.

இந்தப் போராட்டத்துக்குப் பின்னால் மாஸ்கோவின் பணமும் பிரசாரமும் இருந்தது உண்மை. அதனாலேயே இது முழுக்க மாஸ்கோவின் நாடகம் என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன் ஊர்தான் போர்க்களம் என்று தெரிந்தவனுக்குப் பயப்பட வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊர்வலங்களின் பதாகைகளிலும் அதே வரிதான் ஓடியது: வீடு நிற்கும், மனிதன் போவான். சொத்துக்கும் உயிருக்குமான கணக்கு. ‘சொத்து’ என்ற சொல் அந்த அளவு பலமாக இருந்ததால் வேறு எதுவும் காதில் விழவில்லை. அமைதி பேசிய மாஸ்கோவின் முகம் 1978 நவம்பரில் கொஞ்சம் கலைந்தது. வந்திருந்த அமெரிக்கச் செனட்டர்களிடம் லியோனிட் பிரெஷ்னேவ், நாங்களும் நியூட்ரான் குண்டைச் சோதித்துவிட்டோம், உற்பத்திதான் செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்.

ரீகன் வந்தார். 1981 ஆகஸ்டில், ஹிரோஷிமா நினைவு நாளை ஒட்டிய நாட்களில், உற்பத்திக்கு உத்தரவிட்டார். லான்ஸ் ஏவுகணைக்கு ஒன்று, எட்டு அங்குலப் பீரங்கிக்கு ஒன்று என இரண்டு வகை. செய்தவை எல்லாம் அமெரிக்க மண்ணிலேயே கிடங்கில் இருந்தன. ஐரோப்பாவுக்குப் போகவே இல்லை. டாங்கிகளும் வரவில்லை. சோவியத் ஒன்றியமே போய்விட்டது. 1991இல் மூத்த புஷ் குறுகிய தூர அணு ஆயுதங்களைத் திரும்பப் பெற்றபோது இவற்றுக்கும் முடிவு கட்டப்பட்டது. லான்ஸ் குண்டுகளை 1996இலும் பீரங்கிக் குண்டுகளை 2003இலும் பிரித்துப்போட்டு முடித்தார்கள். பிரான்சு 1980இல் தானும் சோதித்துவிட்டதாக அறிவித்ததோடு சரி, படையில் சேர்க்கவில்லை.

கோஹென் 2010 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். வயது 89. தன் குண்டை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற மனக்குறை அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

1999ஆம் ஆண்டைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை குறையாக நிற்கும். அந்த ஆண்டு ஜூலை 15ஆம் தேதி, நியூட்ரான் குண்டு செய்யும் நுட்பம் தங்களிடம் இருக்கிறது என்று சீனா முதன்முதலாக வெளிப்படையாக அறிவித்தது. அமெரிக்காவிடமிருந்து திருடியது என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக, நாங்களே கண்டுபிடித்தது என்று பெருமையோடு சொன்னார்கள். ஆகஸ்டில், பொக்ரான் சோதனைகளுக்கு அடுத்த ஆண்டு, இந்திய அணுசக்தி ஆணையத் தலைவரான சென்னையைச் சேர்ந்த ஆர். சிதம்பரம், இந்தியாவாலும் நியூட்ரான் குண்டு செய்ய முடியும் என்றார். குரங்கைக்கூட இதற்குத் தர மாட்டோம் என்று சொன்ன நாடு அது. இருபத்தொரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

செப்டம்பர் 30ஆம் தேதி காலை பத்தரை மணி. ஜப்பானில் தொக்காய் என்ற சிற்றூர். அணு உலைக்கான எரிபொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் மூன்று தொழிலாளர்கள் யுரேனியக் கரைசலை எஃகு வாளியில் எடுத்து ஒரு தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காக ஆலையே வகுத்திருந்த குறுக்கு வழி அது. தொட்டியில் அளவு மீறியது. ஸ்லோட்டின் பார்த்த அதே நீல வெளிச்சம். வெடிப்பு இல்லை. ஆலையின் சுவர்கள் அப்படியே நின்றன. ஊரும் அப்படியே இருந்தது. 10 கிலோமீட்டர் சுற்றளவில் மூன்று லட்சம் பேரை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள்.

தொட்டிக்கு மிக அருகில் நின்றவருக்கு வயது 35. அவருக்கு எவ்வளவு நியூட்ரான் பட்டது என்பதை மருத்துவர்கள் அவர் ரத்தத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் இருந்த உப்பின் சோடியம் கதிரியக்கச் சோடியமாக மாறியிருந்தது. தொடக்கத்தில் அவரைப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. பேசினார், கேட்டதற்குப் பதில் சொன்னார். நுண்ணோக்கியில் அவர் செல்களைப் பார்த்தபோது குரோமோசோம்கள் ஒழுங்காக இருக்கவேண்டிய இடத்தில் துண்டுகள்தான் கிடந்தன. அதற்குப் பிறகு புதிய தோல் வரவில்லை, குடலின் உட்சுவர் வரவில்லை, ரத்தம் ஊறவில்லை. தங்கையின் ரத்தத்திலிருந்து குருத்துச் செல்களை எடுத்துச் செலுத்தினார்கள். ஒரு நாள் இதயம் நின்றுபோய் மறுபடி ஓடவைத்தார்கள். அவர் இறந்தது டிசம்பர் 21ஆம் தேதி, 83ஆம் நாள். பக்கத்தில் நின்றவர் அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம்வரை உயிரோடு இருந்தார்.